எட்டு மாதத்தில் தமிழ்: தரங்கம்பாடியில் சீகன்பால்கு படித்தது எப்படி?

ஜெர்மன் மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்கு பற்றிய கட்டுரைகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: "எட்டே மாதத்தில் தமிழ் கற்றார்." இதைப் படித்துச் சிலர் மெய்சிலிர்க்கிறார்கள். சிலர், பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு தமிழ் படித்த நமக்கே வெண்பா பிடிபடவில்லை, இதெல்லாம் சபையார் கட்டிய கதை என்று தள்ளிவிடுகிறார்கள்.

இரண்டு பேச்சும் பாதிதான் சரி. தமிழ் தெரியாமல் கரையிறங்கிய இளைஞர் ஒரு சில ஆண்டுகளில் பைபிளின் புதிய ஏற்பாட்டையே தமிழில் எழுதி முடித்தது உண்மை. ஆனால் அதற்கு அற்புதம் தேவைப்படவில்லை. நல்ல ஏற்பாடு போதுமானதாக இருந்தது. சம்பளத்துக்கு அமர்த்திய வாத்தியார், புலவர், எழுத்தர், பழைய துபாஷி (மொழிபெயர்ப்பாளர்) என நாலைந்து தமிழர்கள் அந்த ஏற்பாட்டின் அச்சாணி. அது எப்படி ஓடியது, எங்கே சிக்கியது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் அடிப்படை: யார், எங்கே, யாருடைய ஊர்?

சீகன்பால்கு 1682-ல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். ஹாலே நகரில், ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே வழிநடத்திய பக்தி இயக்கத்தில் உருவானவர். அனுப்பி வைத்தவர் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக். கூட வந்தவர் ஹைன்ரிச் புளுட்சாவ். 1705 நவம்பர் 29 அன்று கோபன்ஹேகனில் 'சோபியா ஹெட்விக்' கப்பலில் ஏறிய இருவரும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். கடலில் கழிந்தது 222 நாள். அப்போது சீகன்பால்குவுக்கு வயது இருபத்து நான்கை ஒட்டி.

தரங்கம்பாடி டேனியர் கைக்கு வந்தது 1620-ல், தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால். 1706-ல் தஞ்சையை ஆண்டவர் மராட்டிய மன்னர் சகஜி. கோட்டைக்குள் அதிகாரம் டேனியக் கம்பெனியின் ஆளுநருக்கு. கம்பெனி வந்தது வியாபாரத்துக்கு, மிஷனரி வந்தது மதத்துக்கு. மதப் பேச்சு உள்ளூரில் சலசலப்பை உண்டாக்கினால் வியாபாரம் கெடும் என்பது கம்பெனியின் கவலை. ஆளுநர் ஹாசியஸ் இருவரையும் வரவேற்கவில்லை. முதல் நாள் மாலை போக்கிடம் இல்லாமல் கடைவீதியில் நின்றார்கள். அரசர் கடிதம் கையில் இருந்தும் அதிகாரி முகம் கொடுக்காத நிலை. பின்னால் வந்த சிறைவாசத்தின் விதை இங்கேதான்.

ஒரு சொல்லை இப்போதே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அக்காலத்து ஐரோப்பியர் தமிழை 'மலபார் மொழி' என்றார்கள். சீகன்பால்குவின் நூல் தலைப்புகளில் 'மலபார்' என்று கண்டால் கேரளத்தை நினைக்க வேண்டாம். அவர் சொல்வது தரங்கம்பாடித் தமிழரையும் அவர்கள் மொழியையும்தான்.

'கற்றார்' என்றால் எந்தத் தமிழை?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான் பாதிக் குழப்பம். அன்று வெளியூரிலிருந்து வருகிறவர் முன்னால் மூன்று தமிழ் நின்றது.

1. பேச்சுத் தமிழ். சந்தையிலும் வீட்டிலும் புழங்குவது. ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி மாறும்.
2. எழுத்துத் தமிழ். கடிதம், கணக்கு, உரைநடை. பேச்சிலிருந்து விகுதிகளே வேறு: பேச்சில் 'வந்தாங்க', எழுத்தில் 'வந்தார்கள்'.
3. செய்யுள் தமிழ். இதற்கு நிகண்டு வேண்டும், யாப்பு வேண்டும், சொல்லிக்கொடுக்க ஒரு புலவரும் வேண்டும்.

எட்டு மாதத்தில் முதலாவதைப் பிடித்து இரண்டாவதில் கால் வைக்க முடியும். மூன்றாவது முடியாது. சீகன்பால்கு செய்யுளை விடவில்லை, ஆனால் அது அவருக்கு ஆண்டுக்கணக்கில் நீண்ட வேலை. அதையும் அவர் புலவர் துணையில்லாமல் படித்ததில்லை. 'எட்டு மாதம்' என்ற வரி பேசவும் படிக்கவும் எழுதவும் தொடங்கியதைக் குறிக்கிறது என்று கொண்டால் கணக்கு இடிக்காது.

போர்த்துகீசியம் என்ற பாலம்

ஜெர்மானியர், டேனியர் ஊரில் இறங்கி, முதலில் படித்தது போர்த்துகீசியம். விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே கடற்கரைத் துறைமுகங்களில் ஐரோப்பியரும் உள்ளூர்க்காரரும் பேசிக்கொண்டது ஒரு கலப்புப் போர்த்துகீசியத்தில். வீட்டு வேலையாள் முதல் துபாஷி வரை அது தெரியும். டேனிய மொழி தெரிந்த தமிழரைத் தேடினால் விரல்விட்டு எண்ணலாம். போர்த்துகீசியம் தெரிந்தவர் தெருவுக்கு நாலு பேர்.

'இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?' என்று கேட்பதற்கே ஒரு மொழி வேண்டும். ஆக போர்த்துகீசியம் முதல் படி. பிறகு இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்: புளுட்சாவுக்குப் போர்த்துகீசியம், சீகன்பால்குவுக்குத் தமிழ். இருவருமே இரண்டையும் அரைகுறையாக இழுத்துக்கொண்டிராமல் தப்பியது இந்தப் பிரிவினையால்தான்.

அடுத்து அவர் அமர்த்திக்கொண்டது அழகப்பனை. கடிதங்களில் 'அலெப்பா' என்று வருபவர் இவர். கம்பெனிக்குத் தலைமைத் துபாஷியாக இருந்தவர். போர்த்துகீசியம், டேனியம், டச்சு, ஜெர்மன் நான்கிலும் பேசக்கூடியவர். ஐரோப்பியர் எந்த இடத்தில் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்பது தொழில்முறையிலேயே தெரிந்த ஆள். மொழி கற்பவருக்கு இப்படி ஒருவர் கிடைப்பது அகராதி கிடைப்பதைவிட மேல். அகராதி 'இந்த இடத்தில் இதைச் சொல்லாதீர்கள்' என்று கையைப் பிடிக்காது.

மணலில் எழுதிய விரல்

அக்காலத்தில் அச்சிட்ட தமிழ் நூல்களே அரிது. இயேசு சபையாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679-ல் அம்பலக்காட்டில் அச்சாகியிருந்தது. ஆனால் கரையிறங்கிய நாளில் சீகன்பால்கு கையில் எதுவும் இல்லை. அவர் செய்தது, எழுபது வயதை எட்டிய ஒரு வாத்தியாரை, பிள்ளைகளோடு சேர்த்து, தம் வீட்டுக்கே அழைத்துக்கொண்டது. பள்ளிக்கூடமே இடம் மாறி வந்தது. அவரும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தார்.

திண்ணைப் பள்ளியின் முறை இது:

1. பரப்பிய மணலில் வாத்தியார் விரலைப் பிடித்து எழுத்தை எழுதவைப்பார்.
2. எழுதும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்: ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா. கை, கண், காது, வாய் நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.
3. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இந்த 247-ம் கைக்கு வந்த பிறகே ஓலை.
4. ஓலையில் எழுத்தாணியால் கீறிப் பழகுதல். அழுத்தினால் ஓலை கிழியும், அழுத்தாவிட்டால் கீறல் தெரியாது.
5. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி போன்றவற்றை மனப்பாடமாக ஒப்பித்தல். பொருள் பின்னால் வரும்.

படித்த ஐரோப்பியர் ஒருவருக்கு இதில் பெரிய இடறல் ஐந்தாவது படி. லத்தீனை இலக்கண விதியிலிருந்து தொடங்கிப் பழகியவர், பொருள் தெரியாத பாட்டைச் சிறுவர்களோடு கத்திக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் உச்சரிப்பும் சொற்றொடரின் ஓட்டமும் வாயில் படிவது இந்த இடத்தில்தான். 'அன்னையும் பிதாவும் முன்னறி தெய்வம்' என்று நூறு முறை சொன்னவருக்கு 'உம்' எங்கே ஒட்டும் என்று விதி சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பாடம் அவரிடம் தங்கியது என்பதற்குச் சான்று உண்டு. 1708-லேயே நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். மூன்றும் பள்ளிப் பிள்ளைகளுக்கு உரிய நீதி நூல்கள். கற்ற வரிசையும் மொழிபெயர்த்த வரிசையும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கின்றன.

ஓலையைப் படிப்பது ஏன் அவ்வளவு கடினம்?

இன்று நாம் படிக்கும் அச்செழுத்தை வைத்து அன்றைய ஓலையை நினைத்தால் தப்பாகிவிடும். ஓலையில் மூன்று குறைகள்.

முதலாவது, புள்ளி இல்லை. புள்ளி குத்தினால் ஓலையில் ஓட்டை விழும் என்பதால் மெய்யெழுத்தையும் அகர உயிர்மெய்யையும் ஒரே உருவில் எழுதிவிடுவார்கள். 'க' என்று கண்டால் க-வா, க்-ஆ என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, குறில் எகர ஒகரத்துக்கும் நெடில் ஏகார ஓகாரத்துக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. 'எரி'யும் 'ஏரி'யும் ஒன்றே. நெருப்பா நீரா என்பது இடத்தைப் பொறுத்தது.

மூன்றாவது, துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம்.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஓலையில் 'கரல' என்று மூன்று உருவங்கள். இது கால், கால, கரல் என்று எதுவாகவும் இருக்கலாம். முன்னால் ஒற்றைக் கொம்பு நின்றால் கொல், கோல் இரண்டும் அதே பட்டியலில் சேரும். ஒன்று உயிரை எடுக்கும், இன்னொன்று கைத்தடி. போதாததற்குச் சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது.

இந்தச் சிக்கலின் விளைவு முக்கியமானது: தமிழ் தெரியாதவர் ஓலையைத் தனியாகப் படித்துத் தமிழ் கற்க முடியாது. படிப்பதற்கே தமிழ் முன்னால் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் வாய்விட்டு வாசிக்கும் ஆள் இல்லாமல் ஒரு அடி நகராது. எகர ஏகார வேறுபாட்டை எழுத்தில் காட்டிய சீர்திருத்தத்தை மரபு வீரமாமுனிவர் பெயரில் சொல்கிறது. அதுவும் இதே தொல்லையைப் பட்ட இன்னொரு ஐரோப்பியரிடமிருந்து வந்தது என்பதைக் கவனிக்கலாம்.

ஒரு நாள் எப்படி ஓடியது?

தம் தினசரி வேலையைச் சீகன்பால்கு கடிதத்தில் மணிக்கணக்கோடு எழுதியிருக்கிறார். மொழிப் படிப்பைச் சார்ந்த பகுதி மட்டும்:

- காலை 7 முதல் 8: முன்பு கற்ற சொற்களையும் தொடர்களையும் திரும்பப் பார்த்தல்.
- 8 முதல் 12: அதுவரை படிக்காத தமிழ் நூல்கள் மட்டும். ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் உடன் இருப்பார்கள். புலவர் கதையைச் சொல்லி, விளங்காத இடத்தை விளக்குவார். புதுச் சொல்லையும் தொடரையும் எழுத்தர் குறித்துக்கொள்வார்.
- பிற்பகல் 3 முதல் 5: மறுபடியும் தமிழ் நூல்கள்.
- இரவு: கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, தமிழர் ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டல். தம் பேச்சிலும் எழுத்திலும் பின்பற்றத் தக்க நடையுள்ள நூல்களையே இதற்குத் தேர்ந்தார். ஒரே ஆசிரியரைத் திரும்பத் திரும்பக் கேட்டார்.

கூட்டிப் பார்த்தால் நாளுக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம். இதே வேகத்தை மாதம் இருபத்தைந்து நாள் வீதம் எட்டு மாதத்துக்கு வைத்தால் 1,600 மணி. அமெரிக்க அரசு தன் தூதரக அலுவலர்களுக்கு மொழி கற்றுத்தரும் நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர் தமிழில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேர 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி என்று கணக்கு வைத்திருக்கிறது. வேறு காலம், வேறு தாய்மொழி. ஆனாலும் எட்டு மாதம் என்பது நம்ப முடியாத எண் இல்லை என்று தெரிகிறது. நம்ப முடியாதது, தினமும் எட்டு மணி நேரம் இரண்டு மூன்று பேரைப் பக்கத்திலேயே உட்காரவைக்க முடிந்ததுதான்.

இந்த ஏற்பாட்டில் கடைசி அம்சத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். இரவில் *கேட்டு*ப் படித்தது. புத்தகத்தில் கற்ற மொழி வாயில் வரும்போது கற்பவர் மனதில் தாய்மொழியில் வாக்கியத்தைக் கட்டி, சொல்லுக்குச் சொல் மாற்றுவார். ஒரே நடையை நூறு முறை காதால் வாங்கியவருக்கு வாக்கியம் தமிழிலேயே எழும். வினையை இறுதியில் வைப்பதும், 'என்று' போட்டு முடிப்பதும், 'வந்து பார்த்துச் சொன்னான்' என்று எச்சங்களைக் கோப்பதும் விதியாகக் கற்றால் வருடக்கணக்கில் தடுமாறச் செய்யும் விஷயங்கள்.

நூல்கள் எங்கிருந்து வந்தன? எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடமிருந்து ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கினார். கிடைக்காதவற்றைப் படியெடுக்க வைத்தார். 1708-ல் அவர் தயாரித்த நூற்பட்டியலில் 119 தமிழ் நூல்களுக்குக் குறிப்பு இருக்கிறது. திருக்குறள் அதில் ஒன்று. அதே ஆண்டுக்குள் ஓலையில் சேர்த்த சொற்கள் சுமார் 20,000. வந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது.

காது பிடித்ததும் விட்டதும்

ஜெர்மன் நாக்குக்குத் தமிழில் சறுக்கும் இடங்கள் தெரிந்தவையே: ல, ள, ழ மூன்று, ந, ன, ண மூன்று, ர, ற இரண்டு. இதைவிடக் குழப்பம் வல்லினத்தில். ஜெர்மனில் க ஒலிக்கும் அதன் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழிலோ 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே க, ஒலி மூன்று வகை. எழுத்தைப் பார்த்துப் படித்தால் தவறும். காதால் கேட்டால்தான் சரியாகும்.

சீகன்பால்கு கேட்டுத்தான் எழுதினார் என்பதை அவர் எழுத்துக்கூட்டலே சொல்கிறது. மொழிபெயர்த்த நூல்களின் தலைப்பை ஜெர்மன் எழுத்தில் அவர் எழுதிய உருவை அப்படியே தமிழுக்குத் திருப்பினால் 'நிதி வுன்பா', 'கொண்டெய் வெண்டென்' என்று வரும். முதலாவது நீதி வெண்பா, இரண்டாவது கொன்றை வேந்தன். நெடில் எல்லாம் குறிலாகிவிட்டது, ஏனெனில் அவர் எழுதிய முறை நீளத்தைக் காட்டவில்லை. கவனிக்க வேண்டியது 'கொன்றை'. ஏட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து மாற்றியிருந்தால் ன-வுக்கும் ற-வுக்கும் தனித்தனிக் குறி வந்திருக்கும். அவர் எழுதியது, வாயில் 'ன்ற' சேர்ந்து ஒலிப்பதைக் காது வாங்கியபடி. பழைய மிஷனரி ஆவணங்களில் தமிழ்ச் சொற்கள் 'சிதைந்து' கிடப்பதாக நினைப்பவர்கள் இதைக் கருத வேண்டும். பல இடங்களில் அவை அந்தக் காலப் பேச்சின் பதிவு.

சொல் தேர்வு: உண்மையான கண்ணிவெடி

எழுத்தும் ஒலியும் தவறினால் கேட்பவர் சிரிப்பார், அவ்வளவுதான். மதப் பேச்சில் சொல் தவறினால் கொள்கையே மாறிவிடும். பழைய உதாரணம் பிரான்சிஸ் சேவியர். 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், தமிழ் கற்க நேரமில்லாமல், துணைக்கு ஆள் வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொன்னார். விசுவாசப் பிரமாணத்தில் 'நம்புகிறேன்' வரவேண்டிய இடத்தில் 'வேணும்' புகுந்துவிட்டது. 'கடவுளை நம்புகிறேன்' என்பதற்குப் பதிலாக 'எனக்குக் கடவுள் வேணும்'. 1544-ல் உடன் ஊழியருக்கு எழுதிய கடிதத்தில், இனி 'வேணும்' என்று சொல்லாதீர்கள், விசுவாசம் என்று சொல்லுங்கள் என்று அவரே திருத்தினார். மனப்பாட முறையின் பலவீனம் இதில் முழுதாகத் தெரிகிறது. சொல்பவருக்குத் தவறு தெரியாது. கேட்பவர் பணிவாக இருப்பார்.

சீகன்பால்குவும் பின்வந்தவர்களும் முட்டிக்கொண்ட இடங்கள் மூன்று.

1. நாம், நாங்கள். ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல். போதகர் 'நாங்கள் பாவிகள்' என்றால் கேட்பவர்களுக்கு அதில் பங்கில்லை. 'நாம் பாவிகள்' என்றால்தான் எல்லாரும் சேர்வார்கள். ஜெபத்திலோ நேர்மாறு. 'நம் பிதாவே' என்று கடவுளை விளித்தால் அந்தப் பிதாவுக்குக் கடவுளும் ஒரு பிள்ளை ஆகிவிடுவார். 'எங்கள் பிதாவே' மட்டுமே சரி.

2. நீ, நீர், நீங்கள். ஜெர்மன் ஜெபத்தில் கடவுளுக்கு நெருக்கமான ஒருமை. தமிழ்ப் பக்திப் பாட்டிலும் இறைவனை 'நீ' என்பது இயல்பு. உரைநடையில் போதகர் சொன்னால் காதுக்கு இடறும். தமிழ்க் கிறித்தவம் நடுவில் நின்று 'நீர்', 'உமது' என்பதைப் பிடித்துக்கொண்டது. அன்றாடப் பேச்சில் 'நீர்' பெரும்பாலும் மறைந்த பிறகும் ஜெபத்தில் அது உயிரோடு இருக்கிறது.

3. கடவுளுக்குப் பெயர். கத்தோலிக்கர் முன்பே புழக்கத்தில் விட்டிருந்த 'சருவேசுரன்' என்ற சொல்லையே சீகன்பால்கு எடுத்தார். அதற்குள் ஈசுவரன் இருக்கிறான். சிவனை நினைக்காமல் கேட்பது கடினம். பின்னால் வந்த பைபிள் மொழிபெயர்ப்பாளர்களில் ஃபப்ரீசியஸ் 'பராபரன்' என்றார். தத்துவ நூலின் உயரம் அதற்கு உண்டு, தெருவில் புழக்கம் இல்லை. ரேனியஸ் 'தேவன்' என்றார். எளிது, ஆனால் தேவர்கள் என்று பன்மையும் தேவி என்று பெண்பாலும் உடனே ஒட்டிக்கொண்டு வரும். இருபதாம் நூற்றாண்டில் 'கடவுள்' வந்தது. தொடக்கத்திலேயே மாசற்ற ஒரு சொல் கிடைத்திருக்கும் என்று நினைப்பது வீண். எந்தச் சொல்லும் அதற்கு முன் ஏதோ ஒரு கோயிலில் இருந்ததுதான்.

இந்தத் தமிழைப் பார்த்து எல்லாரும் வியக்கவில்லை. சமகாலத்தவரும் கத்தோலிக்கருமான வீரமாமுனிவர், லுத்தரன் சபையினரான தரங்கம்பாடியாரின் தமிழைக் கடுமையாகக் கேலி செய்தார். 'லுத்தேரினத்தியல்பு' என்று தனி நூலே எழுதினார். சபைப் பகையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அவர் குற்றச்சாட்டில் விஷயம் உண்டு. ஒருவர் புலவர் நடையில் நின்று, வாசல் பேச்சுக்கு அருகில் எழுதப்பட்ட உரைநடையை அளக்கிறார். இதில் ஒரு வேடிக்கை: வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத் தமிழுக்கு, லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-ல் அச்சானது அதே தரங்கம்பாடி அச்சகத்தில்தான்.

உடல், கடிதம், சிறை

மொழியைத் தவிர மற்றவை அவ்வளவு வசப்படவில்லை. வயிற்றுக் கோளாறு அவரை விடவேயில்லை. 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தபோது வயது 36.

கடிதம் இன்னொரு பாரம். கப்பல் ஒரு வழிக்கு ஏழு மாதம், அதுவும் பருவக்காற்றைப் பார்த்து. ஹாலேக்கு ஒரு கேள்வி எழுதினால் பதில் வர ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். மேலிடத்தின் அறிவுரை வருவதற்குள் பிரச்சினை முடிந்திருக்கும், அல்லது முற்றியிருக்கும். ஊருக்குள் ஆளுநர் பகை, ஊருக்கு வெளியே பதில் இல்லாத மௌனம். இடையில் அன்றாடம் முகம் பார்த்துப் பேச இருந்தவர்கள் தமிழர்களே. மொழி வேகமாக ஏறியதற்கு இந்தத் தனிமையும் ஒரு காரணம் என்று கொள்ளலாம்.

1708 அக்டோபர் 17 அன்று புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். அடுத்த மாதமே ஆளுநர் அவரைக் கோட்டைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் உள்ளே. தாளும் மையும்கூட முதலில் தரப்படவில்லை. வெளியே வந்து விட்ட இடத்தில் தொடர்ந்து 1711 மார்ச் 21 அன்று முடித்தார். 1715-ல் தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. ஹாலேயில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை; காகிதத்தைத் தின்றன. அதனால் இங்கேயே சிறிய எழுத்து வார்க்க வேண்டியிருந்தது.

அதிகமாகக் கற்றதும் ஒரு சிக்கல்தான். தமிழரின் தெய்வங்களைப் பற்றி, அவர்கள் நூல்களையே சான்றாக வைத்து, 1713-ல் விரிவான நூல் ஒன்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்ற தொனியில் ஃபிராங்கே முகம் சுளித்தார். அந்த நூல் அச்சேறியது 1867-ல், சென்னையில்.

வாத்தியார்கள் என்ன ஆனார்கள்?

மிஷனரி படித்த கதையில் சொல்லிக்கொடுத்தவர்கள் பக்கம் மெலிந்தே கிடக்கிறது. கிடைப்பதைப் பார்த்தால் விலை கொடுத்தவர்கள் அவர்களே. கோட்டை அதிகாரத்தின் கோபத்துக்கு ஆளான அழகப்பன் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. இளம் புலவர் கணபதி வாத்தியார் 1709-ல் ஞானஸ்நானம் பெற்றபோது சொந்தக் குடும்பமே எதிர்த்து நின்றது. வீட்டுக்குள் பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்த முதிய வாத்தியாரை நாம் வயதை வைத்துத்தான் அறிகிறோம்.

1714-ல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். உடன் சென்றவர் மலையப்பன் என்ற தமிழ் இளைஞர். ஆக, நடுக்கடலிலும் தமிழ் கேட்கவும் சந்தேகம் தீர்க்கவும் ஓர் ஆள் இருந்தார். அந்தப் பயணத்தில் உருவான தமிழ் இலக்கணம் லத்தீன் மொழியில் 1716-ல் ஹாலேயில் அச்சானது. முகப்புப் பக்கத்தில் ஆசிரியராக இருப்பது சீகன்பால்குவின் பெயர்.